இருநூற்றைம்பது பாகை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனுசன் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தக் கோபத்தில்தான் கையில் இருந்த வேலையை விட்டேன். அதே கோபத்தில்தான் ஒரு வகுப்பைத் தொடங்கினேன். தொடங்கிய வகுப்பை ஐந்தாம் மாதமே கவிழ்க்கப் பார்த்ததும் அதே கோபம்தான்.

எட்டு வருடம் நான் திருகோணமலை நகரத்தில் பரீட்சைக்குப் படிப்பிக்கும் ஒரு பெரிய ரியூட்டரியில் வேலை செய்தேன். தகரக் கூரை போட்ட மண்டபம். வாங்குகளில் நெருக்கிக்கொண்டு இருநூறு பிள்ளைகள். கணித சேர் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கணக்கைச் செய்துகொண்டே போவார். பிள்ளைகள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போவார்கள். எனக்கு மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சிவப்புப் பேனை. தாள் திருத்துவதுதான் என் வேலை. விடை சரியென்றால் ஒரு சரி, பிழையென்றால் ஒரு புள்ளடி. ஏன் பிழை என்று கேட்க நேரமும் இல்லை, கேட்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதும் இல்லை.

ஒருநாள் நடு வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பினாள். எங்களிடமே படித்துச் சாதாரணதரப் பரீட்சையில் கணிதம் தவறி, இரண்டாம் தடவை எழுதத் திரும்ப வந்திருந்தவள்.

"சேர், மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருது?"

"அது அப்பிடித்தான். பாடமாக்கிக்கொண்டு இரும்."

மைக்கில் சொன்னார். இருநூறு பேரும் சிரித்தார்கள். அவள் இருந்துவிட்டாள். வகுப்பு முடியும்வரைக்கும் தலையைத் தூக்கவேயில்லை. என்ன கோதாரி இது, கேள்வி கேட்டதற்கா இந்தச் சிரிப்பு! வகுப்பு முடிந்ததும் சேரிடம் போனேன்.

"கணக்கில அது அப்பிடித்தான் எண்டு ஒண்டும் இல்லை, சேர். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு."

"காரணம் சொல்லிக்கொண்டிருந்தா சிலபஸ் முடியாது, மிஸ். உங்களுக்கு ஏலுமெண்டா நீங்கள் ஒரு வகுப்பு வைச்சுச் சொல்லிக் குடுங்கோவன்."

அவர் நக்கலுக்குச் சொன்னார். நான் "சரி" என்று சொல்லி, சிவப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நிலையம் வரும்வரைக்கும் எனக்குக் கால் தரையில் படவில்லை. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகுதான், ஐயோ, என்ன வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்று உறைத்தது.

மனுசன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை. பின்னேரம் வந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "எத்தனை பிள்ளையளை வைச்சுப் படிப்பிக்கப் போறீர்?" என்று மட்டும் கேட்டார்.

"பத்துப் பேருக்கு மேல எடுக்க மாட்டன்."

"பத்துப் பேர் வருவினமோ எண்டு முதல்ல பாரும்."

அவர் வாய் அப்படித்தான். ஆனால் அடுத்த கிழமை உட்துறைமுகப் பக்கம் ஒரு வீட்டின் கராஜை வாடகைக்குப் பேசி, தரையைக் கழுவி, பழைய அலுமாரிக் கதவு ஒன்றுக்குக் கறுப்பு மை பூசிக் கரும்பலகையாக மாட்டித் தந்ததும் அவர்தான். கராஜுக்குக் கதவு இல்லை. தெருவில் திரியும் மான்கள் உள்ளே எட்டிப் பார்க்கும். முதல் கிழமையே நான் ஆசையாசையாகக் கீறி ஒட்டிய முக்கோணங்களில் இரண்டை ஒரு மான் தின்றுவிட்டுப் போனது. சனியன், செங்கோண முக்கோணத்தை மட்டும் தேடித் தின்றது.

பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு, முதல் வந்தவள் அந்தப் பெண்பிள்ளைதான். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து தாயோடு பஸ் ஏறி வந்திருந்தாள். இரண்டாம் தடவையும் கணிதம் W. W என்றால் சித்தியில்லை. வயது இருபது. மற்றப் பாடங்கள் எல்லாம் இருந்தன. உயர்தரமும் எழுதி முடித்திருந்தாள். தம்பி பிறந்தபோது வீடு தேடி வந்த மிட்வைஃப் மிஸ்ஸைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வேலை ஒன்றுதான் மனதில். கணிதம் இல்லாமல் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே ஏலாது.

"ரீச்சர், இதுதான் கடைசி" என்றார் தாய். "இந்த முறையும் இல்லையெண்டா கார்மெண்ட்ஸில பேர் குடுத்திருவம் எண்டு தேப்பன் சொல்லிப்போட்டார். அங்க ஆள் எடுக்கினமாம். நானும் எத்தினை தரம் அவரோட மல்லுக்கு நிக்கிறது?"

நான் பிள்ளையை எழுப்பி, கராஜ் வாசலைப் பார்த்து நிற்கச் சொன்னேன்.

"வாசல் பக்கம் போறது பிளஸ். இப்ப திரும்பு. அது ஒரு மைனஸ். திரும்பினபடியே பின்னால நட. அது இன்னொரு மைனஸ். எங்க போறாய்?"

நாலு அடி பின்னால் நடந்தவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வாசல் கிட்ட வந்திருந்தது.

"அட! வாசலுக்குத்தான்" என்று சிரித்தாள். தாயும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதோடு எனக்குத் தலைகால் தெரியவில்லை. இந்த உலகத்தில் என்னைவிட்டால் கணிதம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்ற நினைப்பு அன்றைக்கே வந்துவிட்டது.

அவளைப் பார்த்து சல்லியிலிருந்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். எல்லாம் கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகள். நகரத்துப் பிள்ளைகள் மூன்று பேர். ஆக எட்டு. மூன்று மாதம் நான் ஒரு பரீட்சைத் தாளையும் கையில் கொடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பின்னம், கயிற்றைக் கட்டி வட்டம், வாளித் தண்ணீரில் கனவளவு. பிள்ளைகளுக்குச் சந்தோசம். பெற்றோருக்கு வயிற்றில் புளி. "பாஸ் பேப்பர் எப்ப செய்விப்பீங்கள், ரீச்சர்?" என்று பழைய வினாத்தாள்களைக் கேட்காத ஆள் இல்லை. பழைய ரியூட்டரியில் எனக்கு எலுமிச்சம்பழ ரீச்சர் என்று பட்டம் வைத்துவிட்டார்களாம். மீன் சந்தையில் ஒருத்தி என் முகத்துக்கு நேரேயே சொன்னாள். "நல்லது, வெயிலுக்குக் குடிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து வீட்டில் அழுதேன்.

ஐந்தாம் மாதம் திசைகோள் பாடம். வடக்கிலிருந்து வலம்சுழியாக எத்தனை பாகை திரும்பினால் ஒரு பொருள் தெரிகிறது என்று அளப்பதுதான் திசைகோள். துறைமுகத்து ஊரில் இதைவிட லேசான பாடம் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் ஒன்றையும் படகு ஒன்றையும் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லி, அளவிடைக்கு வரையக் கொடுத்தேன். கேள்வி இதுதான்: கலங்கரை விளக்கத்திலிருந்து படகின் திசைகோள் என்ன? விடை எழுபது பாகை.

தாள்களை வாங்கித் திருத்தினேன். நகரத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர் எழுபது. ஒருவன் ஒன்றும் எழுதவில்லை. சல்லிப் பிள்ளைகள் ஐந்து பேரும் இருநூற்றைம்பது. ஐந்து பேரும்! ஒரு பாகை கூடக் குறையாமல்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"ஆர் ஆரைப் பாத்து எழுதினது?"

தாள்களை மேசையில் அடித்தேன்.

"கேக்கிறன், ஆரைப் பாத்து ஆர் எழுதினது?"

முதல் வந்தவள், எட்டுப் பேரிலும் மூத்தவள், எழும்பினாள். "ஒருத்தரும் பாத்து எழுதேல்லை, ரீச்சர்."

"அப்ப அஞ்சு பேருக்கும் ஒரே பிழை வானத்தில இருந்தோ விழுந்தது? பழைய ரியூட்டரிப் பழக்கம் எல்லாம் இஞ்ச வேண்டாம். கள்ளப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க நான் இந்தக் கராஜை எடுக்கேல்லை!"

கள்ளப் பிள்ளைகள் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த கணமே எனக்குத் தெரிந்தது, இது கூடிப்போன சொல். ஆனால் விழுந்ததை எப்படிப் பொறுக்குவது? அவள் கொம்பாஸ் பெட்டியை மூடினாள். கொப்பியைப் பையில் வைத்தாள். என்னைக் கடந்து வாசலால் போனாள். மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மிஞ்சிய மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நானும் அந்த அலுமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வகுப்புக்கு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வகுப்புக்கும் இல்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. மூத்தவளின் தாய்க்கு ரெலிபோன் எடுத்தேன். "அவள் கதைக்க மாட்டாளாம், ரீச்சர்" என்று வைத்துவிட்டார். கார்மெண்ட்ஸ் படிவத்தைத் தகப்பன் வாங்கி வந்துவிட்டார் என்று நகரத்துப் பிள்ளை ஒன்று கேள்விப்பட்டுச் சொன்னது. அந்த மைக்கில் சேர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்? அவராவது கேள்வியைச் சிரிப்பாக்கினார். நான் விடைக்குக் கள்ளப் பட்டம் கட்டிவிட்டேன்.

மனுசன்தான் அந்த ஐந்து தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"இஞ்சேரும், பாத்து எழுதினவை எண்டீர். ஒராள் பெரிசாக் கீறியிருக்கு, ஒராள் சின்னனா. இந்தப் பிள்ளை தாளைச் சரிச்சு வைச்செல்லோ கீறியிருக்கு. பாத்து எழுதினா இப்பிடியோ இருக்கும்?"

பறித்துப் பார்த்தேன். உண்மைதான். ஐந்தும் ஐந்து விதம். ஆனால் ஐந்திலும் ஒன்று மட்டும் ஒரேமாதிரி இருந்தது. வடக்கைக் காட்டும் கோட்டை ஐந்து பேரும் படகில் கீறியிருந்தார்கள். கலங்கரை விளக்கத்தில் நின்று படகைப் பார் என்று நான் கேட்டிருக்க, ஐந்து பேரும் படகில் நின்று கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் இருநூற்றைம்பது சரி. அழகாக, சுத்தமாகச் சரி.

ஏன் ஐந்து பேரும் படகில் போய் நின்றார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லையே.

மறுநாள் காலை சல்லிக்கு முதல் பஸ்ஸில் போனேன். கரையில் படகுகள் வந்து ஏறியிருந்தன. பெண்கள் வரிசையாக இருந்து வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தாயும் மகளும் ஒரே வலையில். என்னைக் கண்டதும் மகள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாய்தான் எழும்பி வந்தார்.

"வாங்கோ ரீச்சர். பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. என்னத்தைச் சொன்னனீங்கள் எண்டும் வாய் திறக்குதில்லை."

"கள்ளப் பிள்ளை எண்டு சொன்னனான், அக்கா. பிழை என்னிலதான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

பக்கத்து வலைக்காரிகள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ரீச்சர் ஒருத்தி வந்து மன்னிப்புக் கேட்கிறாள் என்றால் லேசான விசயமா? ஒரு கிழவி கிட்ட வந்தே நின்றுகொண்டாள். நான் மகளுக்கு முன்னால் மணலில் இருந்தேன். சேலை முழுக்க ஈரம்.

"நீங்கள் ஒருத்தரும் பாத்து எழுதேல்லை. தாளை வடிவாப் பாக்காமல் நான் வாயை விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை."

அவள் ஒரு மீனைக் கழற்றிக் கூடையில் போட்டாள். இன்னொன்றைக் கழற்றினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"நாங்கள் பிழை விட்டா எங்களுக்குப் புள்ளடி போடுவீங்கள். உங்களுக்கு என்ன போடுறது, ரீச்சர்?"

கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்வி. கைப்பையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்து நீட்டி, உள்ளங்கையை விரித்தேன். "போடும்."

போட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். போட்டாள்! மீன் செதில் ஒட்டிய விரலால் என் கையைப் பிடித்து, மூலைக்கு மூலை இழுத்து, பெரிய புள்ளடி ஒன்று. கரை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன், எனக்குக் கண்ணீரும் வந்தது.

"சரி, இப்ப சொல்லும். ஏன் எல்லாரும் படகில போய் நிண்டனீங்கள்?"

"இப்பதான் கேக்கிறீங்கள்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது எனக்குக் கூடுதலாகக் குத்தியது.

பதிலைத் தாய் சொன்னார். "இதென்ன கேள்வி, ரீச்சர்? கடலுக்குப் போறவன் கரையைப் பாத்துத்தானே தான் நிக்கிற இடத்தைச் சொல்லுவான். அம்மன் கோயில் கோபுரம் அந்த உயந்த தென்னைக்கு நேர வரோணும். மற்றப் பக்கம் பாத்தா கோணேசர் மலையின்ர மூக்கு அந்தப் பாறைக்கு நேர வரோணும். ரெண்டும் ஒண்டா வாற இடத்திலதான் இவர் வலை விடுறவர். சின்னப் பிள்ளையில இருந்து இதுகள் கேக்கிறது இந்தக் கதைதான். கரையில நிண்டு படகைப் பாத்து ஆர் என்னத்தை அளக்கிறது?"

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இரண்டு நேர்கோடுகள். அவை வெட்டும் ஒரு புள்ளி. ஒருங்கமை சமன்பாட்டு வரைபை நான் இரண்டு கிழமை கத்திக் கத்திப் படிப்பித்திருந்தேன். இங்கே இவர்கள் அதை வைத்து மீன் பிடிக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவளுடைய தகப்பன் என்னையும் எட்டுப் பிள்ளைகளையும் படகில் ஏற்றிக் கொஞ்சத் தூரம் கொண்டுபோனார். கார்மெண்ட்ஸ் படிவம் வாங்கிய மனிதர் அவர்தான்; பரீட்சை முடியும்வரைக்கும் அதை ஒதுக்கி வைத்திருந்தார். என்னோடு அதிகம் பேசவில்லை. நாற்பத்திரண்டு வயது வரைக்கும் திருகோணமலையை நான் கடலில் நின்று பார்த்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துறைமுகத்து ஊரில் பிறந்தவள் என்று பெருமை மட்டும் அடித்துக்கொண்டு திரிந்தவள் நான். கோபுரம் மெல்ல மெல்லத் தென்னைக்குப் பின்னால் போனது. "இப்ப!" என்று ஐந்து சல்லிப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். நகரத்துப் பிள்ளைகள் மூன்றும் கைதட்டின. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். தகப்பன் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ரீச்சருக்குக் கரைதான் சரி" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எந்தக் கணக்குக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எங்கே நிற்கிறாய்? கலங்கரை விளக்கத்தில் நிற்கிறாயா, படகில் நிற்கிறாயா? "இலிருந்து" என்று எதற்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறதோ அங்கே போய் நில். பின்னக் கணக்கிலும் அதே கதைதான். மூன்றில் ஒன்றைக் கொடுத்தான், மிகுதியில் நாலில் ஒன்றைக் கொடுத்தான் என்று வந்தால் பிள்ளைகள் நாலில் ஒன்றை முழுவதிலிருந்து எடுப்பார்கள். "எங்க நிக்கிறாய்? முழுசிலயோ, மிஞ்சினதிலயோ?" என்று கேட்டால் காணும், தாங்களே தலையில் அடித்துக்கொண்டு திருத்துவார்கள். மூத்தவள்தான் மற்றவர்களை அதிகம் கேட்பாள். சில வேளை என்னையும் கேட்பாள்.

எனக்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பிள்ளையிடம் "இது எப்படி வந்தது?" என்று கேட்காமல் புள்ளடி போடக்கூடாது. சொல்வது லேசு, என்னைப் போல் முன்கோபிக்கு அது நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கும் வேலை. நேரமும் தின்றது. மூன்று மாதத்தில் பாதிப் பாடத்தைத்தான் நான் நினைத்தபடி முடிக்க முடிந்தது. மற்றப் பாதிக்குப் பாஸ் பேப்பர்தான் செய்தோம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையும் ஏன் எதற்கு என்று கேட்டுத்தான் செய்தோம்.

பரீட்சை அன்று நான் மண்டப வாசலில் போய் நின்றேன். மூத்தவள் கடைசியாக வெளியே வந்தாள். "எப்பிடி?" என்றேன். "தெரியாது ரீச்சர்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அந்தத் தெரியாதை வைத்துக்கொண்டு நான் பல மாதம் படாத பாடு பட்டேன். நான் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு மனுசன் ஒருநாள் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பெறுபேறு வந்த அன்று போன் எல்லாம் சுற்றிக்கொண்டே நின்றது. இணையத்தளம் திறக்கவில்லை. பத்து மணி இருக்கும், நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ரீச்சர்."

"சொல்லும்."

"ரீச்சர், C."

S என்ற சாதாரண சித்தி கிடைத்தால் கும்பிட்டு வாங்குவோம் என்று இருந்த இடத்தில் C! திறமைச் சித்தி! நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்துவிட்டார். கையில் துருவலையோடு அவரையும் கட்டிப்பிடிக்கப் போனேன். நல்ல காலம், மனுசன் இடையில் வந்தார். எட்டுப் பேரில் ஏழு பேர் சித்தி. ஒருவனுக்கு வரவில்லை, அன்று திசைகோளுக்கு ஒன்றும் எழுதாமல் இருந்தவன். அவனுடைய வீட்டுக்கு அன்று பின்னேரமே போனேன். இந்த முறை அவனிடம் நான் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு வருகிறான்.

இரண்டு நாள் கழித்து மூத்தவள் மிட்வைஃப் பயிற்சிப் படிவத்தோடு கராஜுக்கு வந்தாள், தாயோடு. படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. பழைய ரியூட்டரியிலிருந்து. எங்கள் ஊரில் பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி ரியூட்டரிக்காரர் பனர் கட்டுவார்கள். பிள்ளைகளின் படமும் பெறுபேறும் போட்டு, எங்களிடம் படித்த பிள்ளை என்று. இரண்டு தடவை தவறியவள் C எடுத்தாள் என்பது அவர்களுக்கும் எட்டிவிட்டது. முன்பு அங்கே படித்தவள்தானே, ஒரு நல்ல படம் அனுப்பு, பனரில் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைத் தா என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை. எழும்பி நின்று, ஒவ்வொரு சொல்லாக, மைக்கே தேவையில்லாத குரலில் சொன்னாள்.

"ஓம் சேர், தாராளமாப் போடுங்கோ. உங்களிட்டப் படிச்சு எடுத்த ரெண்டு W இருக்கு. அதையும் பக்கத்தில பெரிசாப் போடுறதெண்டா படம் இப்பவே அனுப்பிறன்."

மறுபக்கம் என்ன சொன்னார்களோ, அழைப்பு நின்றுவிட்டது. கராஜில் இருந்த பிள்ளைகள் மேசையில் அடித்துக் கூச்சல் போட்டார்கள். அவர்களை அடக்க வேண்டிய நான்தான் எல்லோரையும்விடப் பலமாக அடித்தேன்.

அவள் இருந்து படிவத்தை முடித்தாள். சரி பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். கணிதம் என்ற வரிக்கு நேரே C. ஒரு பிழையும் இல்லை. தாய் என் தோளுக்கு மேலால் எட்டி, அந்த ஓர் எழுத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்கவில்லை.

"ரீச்சர், மிட்வைஃபுக்கு இது காணுமோ?"

"காணும், அக்கா."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. காணுமோ?"

"காணும், அக்கா. கேட்டதுக்கு மேலயே இருக்கு."

தாய் மகளைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கராஜ் தரையிலேயே இருந்து, சத்தமாக அழத் தொடங்கினார்.